அந்தமான்: கடலைக் கேட்டு நாள் குறியுங்கள்

டிசம்பர் மாதம் போர்ட் பிளேரில் மாலை ஐந்து மணிக்கெல்லாம் பொழுது சாய்ந்துவிடும். அதே நாளில் சென்னை மெரினாவில் இன்னும் முக்கால் மணி நேரத்துக்கு வெளிச்சம் இருக்கும். அந்தமான் நமக்குக் கிழக்கே ஆயிரத்து முந்நூறு கிலோமீட்டருக்கு மேல் தள்ளி இருந்தாலும் கடிகாரம் இரண்டு ஊருக்கும் ஒன்றுதான். அதனால் அங்கே காலை ஐந்தரைக்கே விடிந்துவிடுகிறது. ஒன்பது மணிக்கு இட்லி சாப்பிட்டு, பத்தரைக்கு மெதுவாக ஜெட்டிக்கு வந்து சேரும் குடும்பம், அன்றைய பகலில் பாதியை அறையிலேயே விட்டுவிட்டு வந்திருக்கிறது.

படகில் தீவு தீவாகப் போய்வரும் பயணத்துக்குத் திட்டம் போடும்போது நம்மில் பெரும்பாலோர் தீவுகளின் பட்டியலிலிருந்து தொடங்குகிறோம். எத்தனை நாள், எத்தனை தீவு என்று வகுத்துப் பார்க்கிறோம். தரையில் போகும் பயணத்துக்கு இந்தக் கணக்கு சரி. கடலில் முதலில் பார்க்க வேண்டியவை மாதம், காற்று, ஓதம் (கடல்நீரின் ஏற்றமும் வற்றமும்), வெளிச்சம், ஏறப்போகும் படகு. இவை சம்மதித்தால்தான் தீவு. டிராவல்ஸ்காரர் அனுப்பும் பேக்கேஜ் தாளில் இவை எதுவும் இருக்காது. இருக்க வேண்டியது நம் கையில் உள்ள தாளில்.

பெயர்களைப் பற்றி ஒரு தகவல், டிக்கெட் எடுக்கும்போது தடுமாறாமல் இருக்க. 2018 டிசம்பரில் ரோஸ் தீவு நேதாஜி சுபாஷ் சந்திர போஸ் த்வீப் ஆயிற்று. ஹேவ்லாக், ஸ்வராஜ் த்வீப் ஆயிற்று. நீல் தீவு, ஷஹீத் த்வீப். போர்ட் பிளேரும் 2024 செப்டம்பரில் ஸ்ரீ விஜயபுரம் என்று பெயர் மாறியது. மக்கள் வாயில் பழைய பெயர்களே புழங்குவதால் இங்கும் அவற்றையே எழுதுகிறேன்.

எந்த மாதம்?

தமிழ்நாட்டுக் குடும்பங்கள் அந்தமான் போவது பெரும்பாலும் பள்ளி விடுமுறையில். அரையாண்டு விடுமுறை டிசம்பர் கடைசியில் வருகிறது. கோடை விடுமுறை மே மாதத்தில். இரண்டிலும் கடல் நம் வசதிக்கு முழுதாக இணங்குவதில்லை.

தென்மேற்குப் பருவமழை கேரளத்தைத் தொடுவதற்கு முன்பே அந்தமான் கடலைத் தொட்டுவிடும். வழக்கமாக மே மூன்றாம் வாரத்தை ஒட்டி. எனவே கோடை விடுமுறையில் போகிறவர்கள் மே முதல் பத்து நாளுக்குள் முடித்துக்கொள்வது நல்லது. ஏப்ரல் கடைசியிலேயே கிளம்ப முடிந்தால் இன்னும் நல்லது. அதற்கப்புறம் தென்மேற்குக் காற்று அலையைக் கிளப்பிவிடும். மழை பெய்தாலும் தீவு அழகாகத்தான் இருக்கும், ஆனால் படகு போகுமா என்பது அன்றன்றைக்கு முடிவாகும் விஷயம்.

நவம்பர், டிசம்பரில் வங்கக் கடலில் உருவாகும் தாழ்வு மண்டலங்கள் பல, அந்தமான் பக்கத்தில்தான் முதலில் சுழலத் தொடங்குகின்றன. நமக்குச் செய்தியில் ‘அந்தமான் அருகே காற்றழுத்தத் தாழ்வுப் பகுதி’ என்று ஒரு வரியாக வருவது, அங்கே இருப்பவர்களுக்குக் கூண்டு ஏற்றப்பட்டுப் படகுப் போக்குவரத்து நின்ற நாள். 2016 டிசம்பர் தொடக்கத்தில் அப்படித்தான் ஹேவ்லாக்கிலும் நீல் தீவிலும் ஆயிரத்துக்கும் மேற்பட்ட சுற்றுலாப் பயணிகள் நாட்கணக்கில் சிக்கிக்கொண்டார்கள். கடற்படையும் கடலோரக் காவல் படையும் கப்பல் அனுப்பி அவர்களைப் போர்ட் பிளேருக்குக் கொண்டுவந்து சேர்த்தன.

ஜனவரி பிற்பகுதியிலிருந்து ஏப்ரல் வரை கடல் பொதுவாக அமைதி. அதிலும் பிப்ரவரி, மார்ச் மாதங்களில் தண்ணீர் கண்ணாடி மாதிரி தெளிந்து கிடக்கும். படிக்கிற பிள்ளைகள் இல்லாத வீடு, ஓய்வுபெற்ற தம்பதி, புதிதாகத் திருமணமானவர்கள், யாராக இருந்தாலும் மாதத்தைத் தேர்ந்தெடுக்கும் சுதந்திரம் இருந்தால் தயங்காமல் இந்த மாதங்களை எடுங்கள்.

துறைமுகத்தை ஒட்டி மூன்று இடங்கள்

ரோஸ், நார்த் பே, வைப்பர். போர்ட் பிளேர் பேக்கேஜ்களில் இந்த மூன்றும் ஒரே நாளில் கோக்கப்பட்டிருக்கும். மூன்றையும் ஒரே நாளில் ‘முடிப்பதை’ நான் யாருக்கும் சொல்லமாட்டேன். ரோஸ் தீவுக்கு மட்டுமே ஒரு முழுக் காலைப் பொழுது வேண்டும்.

ஊரிலிருந்து படகில் பத்துப் பதினைந்து நிமிடத் தூரம்தான். சுற்றி நடந்தால் இரண்டு மணி நேரத்தில் முடிந்துவிடும் அளவு. ஆனால் 1858-லிருந்து ஏறத்தாழ எண்பது ஆண்டுகள் அந்தமானை ஆண்ட பிரிட்டிஷாரின் தலைமையகம் இங்கேதான் இருந்தது. தலைமை ஆணையர் மாளிகை, தேவாலயம், ரொட்டி சுடும் பேக்கரி, அச்சகம், நடன அரங்கு என்று ஒரு சிறு நகரத்துக்கு வேண்டிய அத்தனையையும் நாடு கடத்தப்பட்ட கைதிகளின் உழைப்பில் கட்டினார்கள். 1941 ஜூன் 26-ஆம் தேதி வந்த பெரும் நிலநடுக்கத்தில் கட்டடங்கள் விரிசல் விட்டன. அடுத்த ஆண்டு மார்ச்சில் ஜப்பானியர் தீவுகளைப் பிடித்தார்கள். பிரிட்டிஷ் நிர்வாகம் ரோஸுக்குத் திரும்பவே இல்லை.

இப்போது அந்தக் கட்டடங்களின் கூரை முழுவதும் போய்விட்டது. சுவர்கள் நிற்பதற்குக் காரணம் ஆலும் அத்தியும். ஒரு சுவருக்குப் பக்கத்தில் போய் நின்று பாருங்கள். மேலே எங்கோ பறவை போட்ட விதை முளைத்து, வேர் கீழே இறங்கி, செங்கல் இடுக்கில் நூலாக நுழைந்து, பிறகு கயிறாகப் பருத்து, கடைசியில் சுவரையே வலைபோலப் பின்னிப் பிடித்திருக்கிறது. ஜன்னல் சட்டம் மக்கிப் போன இடத்தில் வேரே ஜன்னலாக நிற்கிறது. பிரிட்டிஷார் கொண்டுவந்து விட்ட புள்ளிமான்களின் வழிவந்தவை மனிதரைக் கண்டு மிரளாமல் இந்த இடிபாடுகளுக்கு நடுவே மேய்கின்றன. அடுத்த தீவுக்குப் படகு காத்திருக்கிறது என்று யாராவது கூப்பிட்டுக்கொண்டே இருந்தால் இதைப் பார்க்க முடியாது.

நார்த் பே வேறு ரகம். பழைய சிவப்பு நிற இருபது ரூபாய் நோட்டின் பின்பக்கத்தில் தென்னைகளுக்கு நடுவே தெரிந்ததே ஒரு கடற்கரை, அது நார்த் பேயின் கலங்கரை விளக்கம் இருக்கும் கரைதான். தண்ணீர் விளையாட்டுகள், கடலடி நடை, ஸ்நார்க்கலிங் என்று கூட்டம் அலைமோதும். குழந்தைகளுக்குப் பிடிக்கும். எனக்கு, பின்னால் சொல்லப்போகும் ஜாலி பாய் தீவின் பவளத்தைப் பார்த்த பிறகு இங்கே மனம் ஒட்டவில்லை.

வைப்பர் தீவில் பார்க்க அதிகம் இல்லை. சிவப்புச் செங்கல்லில் ஒரு தூக்குமேடைக் கட்டடம் மட்டும் மேட்டில் நிற்கிறது. அதன் கதை ஒரு படகுத் துறையில் தொடங்குகிறது. 1872 பிப்ரவரி 8 அன்று வைசிராய் மேயோ பிரபு, மவுண்ட் ஹேரியட் மலையில் சூரிய அஸ்தமனம் பார்க்க ஏறினார். இறங்கி வருவதற்குள் இருட்டிவிட்டது. ஹோப் டவுன் துறையில் படகில் ஏறப்போன நேரத்தில், இருளில் இருந்து பாய்ந்த ஷேர் அலி என்ற கைதி அவரைக் கத்தியால் குத்தினார். மேயோ இறந்தார். மறு மாதமே ஷேர் அலி வைப்பர் தீவில் தூக்கிலிடப்பட்டார்.

ஏறும் முன் படகைப் பாருங்கள்

2014 ஜனவரி 26. குடியரசு தினம், ஞாயிற்றுக்கிழமை. போர்ட் பிளேருக்கு அருகே, ரோஸ் தீவுக்கும் நார்த் பேயுக்கும் போய்வரும் அதே தண்ணீரில், ஒரு சுற்றுலாப் படகு கவிழ்ந்தது. 21 பேர் இறந்தார்கள். அவர்களில் பலர் காஞ்சிபுரத்திலிருந்து குழுவாகப் போனவர்கள். 25 பேரை ஏற்ற வேண்டிய படகில் ஏறத்தாழ இருமடங்குப் பேரை ஏற்றியிருந்தார்கள். ஆழ்கடலிலோ புயலிலோ அல்ல, கரை கண்ணுக்குத் தெரிகிற தூரத்தில் நடந்தது இது.

அந்தமான் பயணம் பற்றிய எந்தக் கட்டுரையும் இதைச் சொல்லாமல் கடந்து போகக் கூடாது என்று நினைக்கிறேன். இறந்தவர்கள் நம் ஊர்க்காரர்கள் என்பதற்காக மட்டும் சொல்லவில்லை. படகுக்காரர் ஏறச் சொன்னால் ஏறிவிடுவது, உட்கார இடமில்லை என்றாலும் ‘கொஞ்ச தூரம்தானே’ என்று நின்றுகொள்வது நம் பழக்கம். டவுன் பஸ்ஸில் அது செல்லும். படகில் ஆட்கள் நின்றால் எடை மேலே ஏறுகிறது. டால்பின் என்று யாரோ கத்தியதும் எல்லோரும் ஒரே பக்கம் ஓடினால் அந்த எடை ஓரத்துக்குப் போகிறது. சிறிய படகைக் கவிழ்க்க அதற்கு மேல் பெரிய அலை தேவையில்லை.

எனவே ஜெட்டியில் நின்று இரண்டு நிமிடம் பாருங்கள். எத்தனை பேரை ஏற்றலாம் என்பது படகிலேயே எழுதியிருக்க வேண்டும். இருக்கைகளை எண்ணுங்கள், வரிசையில் நிற்பவர்களை எண்ணுங்கள். பயணிகள் பட்டியலில் உங்கள் குடும்பத்தில் ஒவ்வொருவர் பெயரும், கைக்குழந்தை உட்பட, எழுதப்படுகிறதா என்று கவனியுங்கள். ஏதாவது நேர்ந்தால் தேடுபவர்களிடம் இருக்கும் ஒரே கணக்கு அந்தத் தாள்தான். லைஃப் ஜாக்கெட்டை வாங்கி மடியில் வைத்துக்கொள்வதில் பயனில்லை. போட்டு, எல்லாக் கொக்கியையும் மாட்டி, வார்களை இழுத்து இறுக்கிப் பாருங்கள். தோள்பட்டையைப் பிடித்து மேலே தூக்கினால் ஜாக்கெட் காதுவரை ஏறுகிறது என்றால் அது உங்கள் அளவு இல்லை. பெரியவர்களின் ஜாக்கெட்டை மாட்டிய சிறு பிள்ளை தண்ணீரில் விழுந்தால், ஜாக்கெட் மிதக்கும், பிள்ளை நழுவிவிடும். “அண்ணே, புள்ளைக்குச் சின்ன ஜாக்கெட் குடுங்க, இல்லன்னா அடுத்த படகுல வர்றோம்” என்று சொல்லத் தயங்காதீர்கள். தமிழிலேயே கேட்கலாம். 2011 மக்கள்தொகைக் கணக்கின்படி அந்தத் தீவுகளில் நூற்றுக்குப் பதினைந்து பேருக்குத் தாய்மொழி தமிழ். ஜெட்டியில் உங்கள் பேச்சு புரிந்த ஒருவர் நிச்சயம் இருப்பார்.

கூட்டம் அதிகம் என்று தோன்றினால் ஏறாமல் திரும்பிவிடுங்கள். கட்டிய பணம் போகட்டும்.

வண்டூரும் பவளமும்

போர்ட் பிளேரிலிருந்து சாலை வழியாக ஒரு மணி நேரத்தில் வண்டூர். போகிற வழியில் சிப்பிகாட் பக்கம் வண்டியை நிறுத்திப் பாருங்கள். நெல் விளைந்த நிலம் உப்புத் தண்ணீருக்கு அடியில் கிடக்கிறது. 2004 டிசம்பர் 26 நிலநடுக்கத்தில் தெற்கு அந்தமான் ஏறத்தாழ ஒரு மீட்டர் அமிழ்ந்துபோனது. வடக்கு அந்தமானின் மேற்குப் பக்கம் மேலே எழும்பியது. எழும்பிய இடத்தில் பவளப் பாறைகள் தண்ணீருக்கு வெளியே வந்து வெயிலில் செத்தன. அமிழ்ந்த இடத்தில் வயல் போயிற்று.

வண்டூர் ஜெட்டியிலிருந்துதான் மகாத்மா காந்தி கடல்சார் தேசியப் பூங்காவுக்குப் படகு. 1983-ல் அறிவிக்கப்பட்ட பூங்கா. பதினைந்து தீவுகள் அதற்குள் அடக்கம். நாம் இறங்கலாம் என்று இருப்பவை இரண்டே தீவுகள், அவையும் மாற்றி மாற்றி. நவம்பரிலிருந்து மே வரை ஜாலி பாய். மழைக்காலத்தில் அதற்கு ஓய்வு கொடுத்துவிட்டு ரெட் ஸ்கின். வனத்துறையின் அனுமதிச் சீட்டு வேண்டும், அடையாள அட்டை வேண்டும். வாரத்தில் ஒரு நாள் மூடியிருக்கும் என்பதால் கிழமையை முன்பே விசாரித்துக்கொள்ள வேண்டும். படகுகள் காலையில் கிளம்பிவிடும்.

ஏறுவதற்கு முன் பையைத் திறந்து காட்டச் சொல்வார்கள். சிப்ஸ் பாக்கெட், பிளாஸ்டிக் பாட்டில், பிஸ்கட் உறை எதுவும் தீவுக்குப் போக முடியாது. எவர்சில்வர் டப்பாவில் புளிசாதம், எவர்சில்வர் பாட்டிலில் தண்ணீர் என்று பழைய காலப் பயணம் போல் கட்டிக்கொண்டு போனால் ஒரு சிக்கலும் இல்லை. தீவில் கடை கிடையாது, கழிப்பறை கிடையாது. வயதானவர்களை அழைத்துப் போகிறவர்கள் இதைக் கணக்கில் கொள்ள வேண்டும். சிலர் இந்தச் சோதனையைத் தொல்லை என்று சலித்துக்கொள்கிறார்கள். எனக்கோ, நாட்டின் ஒவ்வொரு கடற்கரையிலும் இப்படி ஒரு வாசல் இருக்கக் கூடாதா என்ற ஏக்கம் வருகிறது.

கரையை நெருங்கியதும் அடியில் கண்ணாடி பதித்த சிறு படகுக்கு மாற்றுவார்கள். குனிந்து பார்த்தால் முதலில் மணல், பிறகு சாம்பல் நிறத்தில் உடைந்த குச்சிகள், பிறகு திடீரென்று உயிருள்ள பவளம். மான்கொம்பு போல் கிளைத்தது ஒன்று, மடிப்பு மடிப்பாக மூளையைப் போன்றது ஒன்று, மேசையாக விரிந்தது ஒன்று. ஒரு கிளிமீன் வந்து பாறையைக் கொறிக்கிறது. அது கொறித்துக் கழிப்பதும் சேர்ந்துதான் நாம் காலடியில் மிதிக்கும் வெள்ளை மணல்.

அந்த உடைந்த குச்சிகளையும் பார்க்க வேண்டும். பவளம் என்பது உயிரினம். அதன் திசுவுக்குள் நுண்பாசி குடியிருக்கிறது. நிறம் கொடுப்பதும் உணவில் பெரும்பகுதியைக் கொடுப்பதும் அந்தப் பாசி. கடல்நீர் வழக்கத்தைவிட ஒரு டிகிரி கூடி, அந்தச் சூடு சில வாரம் நீடித்தால் பவளம் பாசியை வெளியேற்றிவிட்டு வெளுத்துப்போகிறது. சூடு தணிந்தால் பிழைக்கலாம், தணியாவிட்டால் சாவு. அந்தமானில் 1998-லும் 2010-லும் பெரிய அளவில் வெளுப்பு நேர்ந்தது. கடலின் சூட்டை நாம் ஒரு பயணத்தில் குறைத்துவிட முடியாது. ஆனால் மூச்சு வாங்குகிறது என்று பவளத்தின் மேல் கால் ஊன்றி நிற்காமல் இருக்க முடியும். பல ஆண்டு வளர்ந்த கிளை ஒரு மிதியில் முறிந்துபோகும். நீந்தத் தெரியாவிட்டால் வழிகாட்டி பிடித்திருக்கும் வளையத்தை விடாதீர்கள். உடம்பெல்லாம் வெயில் கிரீம் பூசுவதைவிட முழுக்கை நீச்சல் சட்டை போட்டுக்கொள்ளுங்கள்; சில கிரீம்களில் உள்ள ரசாயனம் பவளக் குஞ்சுகளுக்கு ஆகாது. கரையில் கிடக்கும் பவளத் துண்டையோ சங்கையோ எடுத்துப் பையில் போடாதீர்கள். பவளத்தை எடுத்துப் போவது வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம். விமான நிலையத்தில் பிடிப்பார்கள்.

வண்டூர்க் கடற்கரையில் முதலை எச்சரிக்கைப் பலகை இருக்கும். அலங்காரத்துக்கு வைத்ததல்ல. 2010-ல் ஹேவ்லாக்கில் ஓர் அமெரிக்கப் பயணி உப்புநீர் முதலைக்குப் பலியானார். குளிக்கலாம் என்று குறித்துள்ள இடத்தில் மட்டும், பகல் வெளிச்சத்தில் மட்டும் இறங்குங்கள்.

ஹேவ்லாக், நீல்

போர்ட் பிளேரிலிருந்து காலையில் ஹேவ்லாக் போய் மாலையில் திரும்பலாம் என்று சில பேக்கேஜ்கள் சொல்கின்றன. முடியும், செய்யாதீர்கள். தனியார் வேகப் படகில் ஒரு வழிக்கே ஒன்றரை மணி நேரத்துக்கு மேல், அரசுப் படகில் இரண்டரை மணி நேரம். ராதாநகர் கடற்கரையில் ஒரு மணி நேரம் நின்று படம் எடுப்பதற்கா இந்தப் பாடு? அங்கே இரண்டு இரவு தங்குங்கள். பிறகு ஹேவ்லாக்கையே புறப்படும் இடமாக வைத்துக்கொண்டு, காலை முதல் படகில் எலிஃபன்ட் பீச் போய்வாருங்கள். ஜெட்டியிலிருந்து அரை மணிக்கும் குறைவு. வெயில் ஏற ஏறக் காற்றும் ஏறும், கூட்டமும் ஏறும். ஆகவே முதல் படகு.

தனியார் படகுகள் பெரும்பாலும் மூடிய ஏ.சி. அறைகள். வேகம் உண்டு, ஆனால் அலை அடிக்கும்போது தொடுவானம் கண்ணுக்குத் தெரியாததால் குமட்டல் சீக்கிரம் பிடிக்கும். கீழ்த்தளத்தில், நடுவிலோ பின்னாலோ இடம் கேளுங்கள். வாந்தி மாத்திரையைக் கடலுக்குள் போனபின் போடுவதில் பயனில்லை; மருத்துவரிடம் கேட்டுக் கிளம்பும் முன்பே போட வேண்டும். அரசுப் படகில் மேல்தளத்துக்குப் போய்க் காற்று வாங்கலாம். ஒரு வழியாவது அதில் போய்ப் பாருங்கள் என்பேன். காய்கறி மூட்டை, ஆஸ்பத்திரிக்குப் போகும் பாட்டி, விடுதிக்குத் திரும்பும் மாணவர்கள் என்று தீவின் வாழ்க்கை அதில்தான் போய்வருகிறது. தீவுவாசிகளுக்கு அதில் முன்னுரிமை உண்டு, அது நியாயம். நமக்கு உல்லாசம், அவர்களுக்குப் பேருந்து.

நீல் தீவில்தான் ஓதத்தின் அருமை தெரியும். அங்கே பார்க்க வேண்டிய இரண்டு இடங்கள் நேர் எதிரான நேரங்களைக் கேட்கின்றன. லட்சுமண்பூரில் கடல் குடைந்த இயற்கைப் பாலத்தைப் பார்க்கத் தண்ணீர் வற்றியிருக்க வேண்டும். அப்போதுதான் பாறைக் குழிகளில் தங்கிய நீரில் நட்சத்திர மீனும் கடலட்டையும் சிறு நண்டுகளும் கண்ணில் படும். பரத்பூரில் குளிக்கவோ தண்ணீர் ஏறியிருக்க வேண்டும். வற்றிய நேரத்தில் வெறும் பாறைத் தட்டும் கணுக்கால் நீரும்தான். ஏற்றத்துக்கும் வற்றத்துக்கும் இடையில் ஆறு மணி நேரத்துக்குச் சற்று அதிகம். நாளுக்கு நாள் சுமார் ஐம்பது நிமிடம் தள்ளிப்போகும். அமாவாசை, பௌர்ணமியை ஒட்டி ஏற்றமும் அதிகம், வற்றமும் அதிகம் என்பதால் பாலத்துக்கு அந்த நாட்கள் உகந்தவை. போர்ட் பிளேருக்கான ஓத அட்டவணையை செல்போனிலேயே பார்க்கலாம். காலை பத்து மணிக்கு வற்றம் என்றால் முதலில் பாலம், மாலையில் பரத்பூர். பத்து மணிக்கு ஏற்றம் என்றால் அப்படியே திருப்பிப் போடுங்கள். ஆட்டோக்காரர் தன் வசதிக்கு வரிசை சொல்வார். அட்டவணையைக் காட்டிப் பேசுங்கள்.

வரிசை

பெரும்பாலான பேக்கேஜ்களில் முதல் இரண்டு நாள் போர்ட் பிளேர், பிறகு ஹேவ்லாக், நீல், கடைசி நாள் படகில் திரும்பி விமானம். இதைத் தலைகீழாக்குங்கள். இறங்கிய மறுநாள் காலையே ஹேவ்லாக் போய்விடுங்கள். அங்கே இரண்டு இரவு, நீலில் ஒரு இரவு, பிறகு போர்ட் பிளேர். ரோஸ், வண்டூர் இரண்டையும் கடைசிக்கு வையுங்கள். தொலைவுத் தீவில் கடல் கெட்டு ஒரு நாள் மாட்டிக்கொண்டால், வெட்டுவதற்குக் கையில் ஒரு பக்கத்துத் தீவு மீதமிருக்கும். வரிசை மாறியிருந்தால் விமானத்தைத்தான் வெட்ட வேண்டிவரும்.

ஏழு நாள் போகிறீர்கள் என்றால் ஆறு நாளுக்கு மட்டும் திட்டம் போடுங்கள். ஏழாவதைக் காலியாக விடுங்கள். கடல் நன்றாக இருந்தால் அந்த நாளில் ரோஸுக்கு இன்னொரு முறை போகலாம். படகு நின்றுவிட்டால் அது உங்கள் கையிருப்பு.

நீலிலிருந்து திரும்பும் படகையும் சென்னை விமானத்தையும் ஒரே நாளில் போடாதீர்கள். படகு காலை எட்டு மணிக்கு, விமானம் பிற்பகல் இரண்டுக்கு என்றாலும் போடாதீர்கள். முந்தைய இரவு போர்ட் பிளேரில் தங்க ஓர் அறைக்குப் பணம் கட்டிவிடுங்கள்.